புற்றுநோய் இல்லாப் பகுதி

எங்கள் பகுதியில் புற்றுநோயை வாரம் தவறாமல் தடுத்துவருகிறார்கள். பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில், தேநீருக்குப் பிறகு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தடுக்கும்போது நான் பக்கத்திலேயே இருப்பேன். மைக் செட் என்னுடையது.

இந்தத் தடுப்பு வேலையைச் செய்வது ஓர் அறக்கட்டளை. அதன் தலைவர் ஏதோ பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. கூட்டம் நடத்தாவிட்டால் கை நடுங்கும் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். செயலாளர் அம்மா நன்றாகப் பேசுவார். எந்த மைக்கைக் கொடுத்தாலும் அதற்கு ஏற்ற மாதிரி வாயைக் கிட்டே கொண்டுபோவதும் விலக்குவதுமாக, தொழில் தெரிந்தவர். என் மாதிரி ஆளுக்கு இப்படி ஒரு பேச்சாளர் அமைவது பெரிய கொடுப்பினை.

கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. ஆரம்பத்தில் செயலாளர் அம்மா, "புற்றுநோயைப் பத்தி விழிப்புணர்வு இல்லாதவங்க கை தூக்குங்க" என்பார். எல்லோரும் தூக்குவார்கள். போட்டோ எடுப்பார்கள். பிறகு பேச்சு. பேச்சு முடிந்ததும், "இப்ப விழிப்புணர்வு அடைஞ்சவங்க கை தூக்குங்க" என்பார். மறுபடியும் எல்லோரும் தூக்குவார்கள். மறுபடியும் போட்டோ. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த வாரம் அதே பெண்கள் விழிப்புணர்வு இல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிஸ்கட் நல்ல பிஸ்கட்.

அறக்கட்டளையிடம் ஒரு பஸ்ஸும் இருந்தது. இளஞ்சிவப்பு நிறம். உள்ளே மார்பகப் படம் எடுக்கும் எந்திரம். யாரோ ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்தது. எந்திரத்தின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. பஸ்ஸைப் பலமுறை தொடங்கிவைத்திருக்கிறார்கள். வந்த அன்று ஒரு தொடக்க விழா. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து புதிது போட்டபோது ஒன்று. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியபோது ஒன்று. சிறப்பு விருந்தினர் கொடி அசைப்பார், பஸ் முன் வாசல் வழியாகக் கம்பீரமாகப் புறப்படும், தெருவைச் சுற்றிக்கொண்டு பின் வாசல் வழியாக உள்ளே வந்து பழைய இடத்தில் நின்றுகொள்ளும். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவார்.

எந்திரத்துக்குக் கரண்ட் கிடையாது. அலுவலகத்து லைன் ஏ.சி.க்கே திணறியது. தனி ஜெனரேட்டர் வாங்கலாம் என்று கமிட்டி கூடிப் பேசியது. வாங்கினால் அதைத் தொடங்கிவைக்க யாரைக் கூப்பிடுவது என்பதில் கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. எந்திரத்தை இயக்கப் படித்த டெக்னீஷியன் பெண் ஒருத்தி வேலையில் இருந்தாள். அவளுக்கு பலூன் ஊதும் வேலை கொடுத்திருந்தார்கள்.

இதையெல்லாம் நான் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தேன். அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் எனக்கு எல்லாமே வேடிக்கைதான்.

ஒருநாள் வீட்டில் ஒரு புது ஸ்பீக்கரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு இரைச்சல். கண்டுபிடிக்கச் செயலாளர் அம்மாவின் பேச்சுப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். "சகோதரிகளே, தயங்காதீர்கள். கண்ணாடி முன் நில்லுங்கள். விரல்களால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பட்டாணி அளவு தட்டுப்பட்டாலும் அலட்சியம் வேண்டாம்." பக்கத்து அறையில் என் மனைவி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வந்து நின்றாள்.

"அதைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு பார்க்கிறேன்மா."

"இரைச்சல் கிடக்கட்டும். அந்தம்மா சொன்ன மாதிரி ஒண்ணு தட்டுப்படுது."

ஸ்பீக்கரை அணைத்தேன். அந்தப் பேச்சை அவ்வளவு காலம் சத்தம் கூட்டிக் குறைத்திருக்கிறேன், அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். படம் எடுக்க நாலு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். "வெளியில ஏதாவது முகாம்ல படம் எடுத்து, சந்தேகம் இருக்குன்னு சீல் வெச்சு எழுதிட்டு வாங்க. நேரா டாக்டர்கிட்ட அனுப்பிடுவோம்" என்றார். தனியாரிடம் போக எங்களுக்கு வசதி இல்லை. ஆனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பஸ்ஸே நம்முடையது மாதிரி அல்லவா. அவளிடம், "அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்" என்றேன். இப்படி நான் அவளுக்குக் கொடுத்த வாக்குகள் நிறைய உண்டு. எல்லாம் இதே கதிதான்.

அறக்கட்டளையின் வரவேற்பறையில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் ஆளுக்கொரு பலூன் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். பேந்தப் பேந்த விழித்தாள்.

"பரிசோதனைக்கா? பரிசோதனைக்கு யாரும் வந்ததில்லையே" என்று உள்ளே ஓடினாள்.

செயலாளர் அம்மா வந்தார். என் மனைவியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"என் பேச்சைக் கேட்டா பார்த்துக்கிட்டீங்க? நெஜமாவா? வாழ்த்துகள். நீங்க விழிப்புணர்வு அடைஞ்சுட்டீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி பலூனோடு நின்றாள்.

"இப்ப படம் எடுத்துடலாமாம்மா?" என்று நான் கேட்டேன்.

"என்ன படம்? இப்பதானே எடுத்தோம்."

"பஸ்ல எடுக்கிற படம்."

செயலாளர் அம்மா உட்காரச் சொன்னார். குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "பாருங்க மைக்காரரே, ஸ்கிரீனிங்னா என்ன? ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்குப் பார்க்கிறது. இவங்களுக்குத்தான் ஏற்கெனவே ஏதோ தட்டுப்படுதுங்கிறீங்களே. அப்ப இவங்க நம்ம திட்டத்துக்குள்ள வரமாட்டாங்க."

என் மனைவி கேட்டாள். "ஒண்ணும் இல்லாதவங்க எதுக்கும்மா வருவாங்க?"

"வர மாட்டேங்கிறாங்களே. அதுதான் எங்களோட பெரிய சவால்."

அப்போது தலைவர் வந்தார். அவருக்கு விஷயம் சொல்லப்பட்டது. முகம் இருண்டது. எங்கள் மேல் இருந்த பரிவால் என்று நினைத்து நான் நெகிழ்ந்துபோனேன்.

"அடுத்த வாரம் என்ன விழான்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். "மைக் புக் பண்ணியிருக்கோமே, அதுகூடவா தெரியாது? நம்ம பகுதியை புற்றுநோய் இல்லாப் பகுதின்னு அறிவிக்கப்போறோம். பெரிய அதிகாரி அம்மா வர்றாங்க. அறக்கட்டளை ஆரம்பிச்ச நாள்லேருந்து இங்க ஒரு கேஸ் கிடையாது. பூஜ்யம். இந்த மாதிரி ரிக்கார்டு வேற எங்கயும் இல்ல."

"எத்தனை பேருக்குப் பார்த்தீங்க சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னங்க கேள்வி இது? இல்லாத ஒண்ணை எத்தனை பேருக்குப் பார்க்கிறது? தேடித் தேடிப் பார்க்கிற ஊர்கள்ல எல்லாம் நிறைய பேருக்கு இருக்கு. நாங்க தேடலை. பாருங்க, நிம்மதியா இருக்கோம்." சற்று நிறுத்தி, என் மனைவியைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார். "உங்களுக்கு வேற பகுதியில சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"என் நாத்தனார் இருக்காங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அங்க நம்ம கிளை இருக்கு. நீங்க அந்தப் பகுதி ஆளாப் போயிடுங்க."

அங்கேயே போன் போட்டார். எங்கள் எதிரிலேயே பேசினார். பேசப் பேச அவர் குரல் இறங்கியது. அந்தக் கிளைக்கும் பூஜ்யம்தானாம். அவர்களுக்கும் அடுத்த மாதம் விழாவாம். அதோடு, அவர்களிடம் முந்தின நாள் வந்த ஒரு அம்மாவை அவர்கள் ஏற்கெனவே எங்கள் பக்கம் அனுப்பிவிட்டார்களாம்.

வெளியே வந்து பார்த்தால், வரவேற்பறை சோபாவில் ஓர் அம்மா பலூனோடு உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறவர். என் மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"இடது."

"எனக்கும்."

அவ்வளவுதான் பேசினார்கள். அந்தக் கட்டிடத்தில் புற்றுநோயைப் பற்றி நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

செயலாளர் அம்மா கல்நெஞ்சக்காரர் அல்ல. பின்னாலேயே வந்து, "மனசைத் தளர விடாதீங்க. விழாவுல உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நல்ல பங்கு கொடுக்கிறேன்" என்றார். பஸ் கொடியசைத்துப் புறப்படும்போது உள்ளே சில பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கை அசைக்க வேண்டுமாம். வெறும் பஸ்ஸாகப் போனால் போட்டோவில் எடுபடுவதில்லையாம். என் மனைவி விழா முடிவில் நன்றியுரையும் வாசிக்க வேண்டும். கையில் ஒரு தாளைக் கொடுத்தார். "எனக்குப் புற்றுநோய் இல்லை என்ற நம்பிக்கையைத் தந்த தலைவருக்கு" என்று அது ஆரம்பித்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அந்தத் தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. நாலு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. எங்கள் தொழிலில் வாடகை ஒரு மாலைப் பொழுதுக்குத்தான்.

விழாவுக்கு முந்தின நாள் வயர் இழுக்கப் போயிருந்தேன். டெக்னீஷியன் பெண் மூலையில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "ஏம்மா, அந்த எந்திரம் ஓடுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

வாயில் இருந்த பலூனை எடுத்தாள். "ஓடும் அண்ணே. விழாவுக்கு பஸ்ஸைத் திறக்கும்போதெல்லாம் உறையோட நானே துடைச்சு வைக்கிறேன். கரண்ட்தான் இல்ல. பஸ் சாவியும் தலைவர்கிட்ட இருக்கு, விழாவுக்குத்தான் தருவார்."

"விழாவுக்கு என் ஜெனரேட்டர் வருது."

அவள் என்னைப் பார்த்தாள். ஜெனரேட்டரின் அளவு கேட்டாள். சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"எந்திரம் மட்டும்னா தாங்கும். மைக்கும் சேர்ந்தா தாங்காது" என்றாள்.

இத்தனை வருஷத் தொழிலில், பேசிக்கொண்டிருக்கும்போது மைக் நின்றது என்ற பேச்சை நான் வாங்கியதில்லை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கொட்டுகிற மழையில்கூட வாங்கியதில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க மைக் நின்னுபோச்சுன்னா உங்களை இனிமே யார் கூப்பிடுவாங்க?" என்றாள். அவளுக்கு அந்த நேரத்திலும் என் கவலை.

விழா அமர்க்களமாக ஆரம்பித்தது. மேடையில் பெரிய பூஜ்யம் ஒன்றைப் பூக்களால் செய்து நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி அம்மா கொடி அசைத்தார். பஸ் முன் வாசல் வழியாகப் போய்ப் பின் வாசல் வழியாக வந்து நின்றது. ஜன்னலில் என் மனைவியும் பேக்கரி அம்மாவும் கை அசைத்தார்கள். வந்து நின்ற பிறகு மற்றப் பெண்கள் இறங்கினார்கள். இவர்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை. டெக்னீஷியன் பெண்ணும் இறங்கவில்லை. எந்திரத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

தலைவர் பேச வந்தார். "நண்பர்களே, நோயை ஒழிப்பது கடினம் என்பார்கள். நான் கேட்கிறேன், நோயாளி இல்லாவிட்டால் நோய் எப்படி இருக்கும்? மற்றவர்கள் மருந்தைத் தேடினார்கள். கருவியைத் தேடினார்கள். நாம் மனப்பான்மையை மாற்றினோம். இன்று பெருமையோடு அறிவிக்கிறேன், நம் பகுதி..."

நான் ஜெனரேட்டரிலிருந்து மைக் செட்டின் பிளக்கைப் பிடுங்கி பஸ்ஸிலிருந்து வந்த வயரைச் செருகினேன்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவர். சத்தம் போனது அவருக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் அசைந்தது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முன் வரிசையில் யாரோ, மௌன அஞ்சலி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். உடனே எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். அதிகாரி அம்மாவும் நின்றார். தலைவர் கண்ணைத் திறந்து பார்த்தார். மொத்த அரங்கமும் தனக்காக எழுந்து நிற்பதைக் கண்டு அவர் கண்களில் நீர் நிறைந்தது. இன்னும் நீளமாகப் பேசினார். நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். சின்னப் பேச்சாக இருந்திருந்தால் எந்திரத்துக்கு நேரம் போதியிருக்காது.

செயலாளர் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். வயர் போகும் திசையைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்குவார் என்று நான் குறுக்கே நின்றுகொண்டேன்.

அவர் பிடுங்கவில்லை. "அவங்க நெஜமாவே நான் பேசினதைக் கேட்டுத்தான் பார்த்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நான் ஒருநாளும் பார்த்துக்கிட்டதில்ல" என்றார். மைக் இல்லாதபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

பஸ் கதவு திறந்தது. பேக்கரி அம்மா முதலில் இறங்கினார். அவருக்குச் சாதாரண நீர்க்கட்டி மாதிரிதான் தெரிகிறது, இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடச் சொன்னாளாம் டெக்னீஷியன் பெண். அடுத்து என் மனைவி இறங்கினாள். கையில் படம். பின்னால் வந்த டெக்னீஷியன் பெண் என் முகத்தைப் பார்க்காமல், "நான் எழுதிட்டேன் அண்ணே. சீல் மட்டும் வேணும். நாளைக்கே போயிடுங்க" என்றாள்.

நான் குனிந்து, சரியாக இருந்த பிளக்கையே மறுபடியும் அழுத்திவிட்டேன். என் மனைவிதான் என் தோளைத் தொட்டாள். தொட்டுவிட்டு, நேரே மேடைக்குப் போனாள்.

தலைவர் அப்போதுதான் முடித்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நன்றியுரை என்பதால் யாரும் அவளைத் தடுக்கவில்லை. தாளை அவள் பிரிக்கவே இல்லை. நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"உட்காருங்க எல்லாரும். யாரும் சாகலை" என்றாள். "இந்தம்மா கூட்டத்துல பேசுறதை நீங்கள்லாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கீங்க. நான் ஒரு தடவை சொன்னபடி செஞ்சு பார்த்தேன். கட்டி இருந்துச்சு. இப்ப படம் எடுத்தாங்க, அதுலயும் தெரியுது. பயமாத்தான் இருக்கு. ஆனா தெரிஞ்சுபோச்சு, இனிமே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பஸ்ல கரண்ட் இருக்கு. அந்தப் பொண்ணு வலிக்காமத்தான் பார்க்குது. வர்றவங்க வாங்க."

பிஸ்கட்டுக்காக வருஷக்கணக்கில் கை தூக்கியவர்களில் ஒருத்தி எழுந்து பஸ்ஸை நோக்கி நடந்தாள். அவள் பின்னால் அவள் மாமியார். பிறகு வரிசை. தலைவர், "தேநீர் இருக்கிறது, எல்லோரும் அமருங்கள்" என்று கத்தினார். சத்தம் முதல் வரிசையைத் தாண்டவில்லை. அந்த முதல் வரிசையிலிருந்து அதிகாரி அம்மா எழுந்தார். கைப்பையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். செயலாளர் அம்மா அலுவலகத்துக்குள் போய் சீலை எடுத்துவந்து என் மனைவியின் தாளில் குத்தினார். அதே கையோடு தானும் வரிசையில் போய் நின்றார்.

தலைவர் பூக்களால் செய்த பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "எப்பங்க மைக் வரும்?" என்று கேட்டார். வரிசையைப் பார்த்தேன். "இன்னிக்கு வராது சார்" என்றேன்.

அவளுக்கு அந்த மாதமே ஆபரேஷன் ஆனது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். முடி கொட்டியது, முளைத்தது. இடது கையை மேலே தூக்க இன்னும் கொஞ்சம் சிரமப்படுகிறாள். ஆனால் தைக்கிறாள், சண்டை போடுகிறாள், வாக்குக் கொடுக்காதீர்கள் என்று என்னை மிரட்டுகிறாள். அந்த விழாவில் படம் எடுத்துக்கொண்டவர்களில் இன்னும் மூன்று பேருக்குக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரும் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார்கள். அறக்கட்டளை அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. வேறு மைக்காரர் வைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் அவர்களுடைய ஆண்டறிக்கை வந்தது. தபாலில் அனுப்பியிருந்தார்கள், முகவரிப் பட்டியலில் என் பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தலைவர் கைப்பட எழுதிய முன்னுரை. அவள்தான் உரக்கப் படித்தாள். "தொடர்ந்து பூஜ்யமாக இருந்த நமது பகுதி, இந்த ஆண்டு புற்றுநோயற்ற தகுதியை இழந்தது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். ஒலிபெருக்கி ஏற்பாட்டில் நேர்ந்த கோளாறே இதற்குக் காரணம்."

படித்துவிட்டு அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைக்கப் போய்விட்டாள். தொழிலில் என் பேரில் இருக்கிற ஒரே புகார் அதுதான். அதற்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.